பதினோராவது தூக்குவாளி

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு சிலமலைக்கு வந்தார். ஏதோ ஒரு கலைக்கூடத்தில் கண்காட்சிகளை ஏற்பாடு செய்கிறவராம். போடியில் பஸ்சை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, வெயிலில் முகம் சிவக்க வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்: "சார், இன்னைக்கு நாங்க இன்ஸ்டலேஷன்னு பெருசாப் பேசுறதை நீங்க நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே போடியில பண்ணியிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆபீசில் அதற்கு 'ஜோடனை' என்று பெயர். ஸ்டால் போடுவது, ஜோடனை செய்வது, பொருட்காட்சி முடிந்ததும் பிரித்து லாரியில் ஏற்றுவது. அதைச் செய்து முப்பது வருடம் சம்பளம் வாங்கினேன். கலை என்று யாரும் அப்போது சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த ஸ்டாலை அப்படியே திரும்பச் செய்து சென்னையில் வைக்கப் போகிறார்களாம். என் சம்மதம் வேண்டுமாம். நல்ல பெண்தான், மரியாதை தெரிந்தவர். பழைய செய்தித்தாள்களையெல்லாம் தேடியெடுத்துப் படித்திருந்தார். ஆனால் ஸ்டால் முன்னால் வைப்பதற்காக அச்சடித்துக் கொண்டுவந்த விவர அட்டையை நீட்டினார் பாருங்கள், அதன் முதல் வரியைப் படித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. 'மண்சரிவில் உயிரிழந்த பத்துப் பெண் தொழிலாளர்களின் நினைவாக' என்று போட்டிருந்தது.

பத்து. இன்னமும் பத்து!

கோபத்தில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வீட்டில் இருந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பாவம், "சார், கவர்மென்ட் ரெக்கார்டுல அப்படித்தான் சார் இருக்கு" என்றார். எனக்குத் தெரியாதா? அந்த ரெக்கார்டோடு நான் போட்ட சண்டைக்குத்தான் மெமோ வாங்கினேன். அதனால்தான் எண்பதைத் தொடும் வயதில், கை நடுங்க நடுங்க இதை எழுதுகிறேன்.

என் பெயர் பெருமாள்சாமி. சொந்த ஊர் சிலமலை. எங்களுக்குச் சோளக்காடு கொஞ்சம் இருந்தது. எனக்கோ மண்வெட்டியைவிடக் கரிக்கட்டிதான் கைக்கு வாகாக இருந்தது. மதுரையில் போர்டு எழுதும் கடையில் இரண்டு வருடம், பிறகு ஓவியச் சான்றிதழ், பிறகு அரசு அலுவலகம் ஒன்றின் பொருட்காட்சிப் பிரிவில் வேலை. எழுபதுகளின் தொடக்கம் அது. படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பன்னிரண்டுக்குப் பத்தடி இடம் கொடுப்பார்கள். சவுக்குக் கழி நட்டு, கோணிச்சாக்கை இழுத்துக் கட்டி, அதன்மேல் காகிதம் ஒட்டினால் சுவர் தயார். பசையை மைதாவில் காய்ச்சி, மயில்துத்தம் கொஞ்சம் போட வேண்டும். போடாவிட்டால் மூன்றாம் நாள் கரப்பான் வந்து சுவரைத் தின்றுவிடும். பத்தடி தள்ளி நிற்பவன் படிக்க வேண்டுமென்றால் எழுத்து இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு வருகிறவன் ஒரு ஸ்டால் முன்னால் நிற்பது மிஞ்சிப்போனால் பத்து எண்ணும் நேரம். அதற்குள் அவன் மனதில் ஒன்று பதிய வேண்டும். அணைக்கட்டு மாதிரி, மலேரியா கொசு, குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் எல்லாம் இந்தக் கையால் செய்ததுதான்.

களத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஸ்டால் போடுகிற வேலை என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் எண்ண வேண்டும். பிறகு அளக்க வேண்டும். கடைசியில்தான் வரைய வேண்டும். மரம் என்றால் எத்தனை மரம், வீடு என்றால் எத்தனை வீடு. எண்ணாமல் வரைந்த படத்தை எங்கள் தலைமை ஓவியர் கிழித்தே போட்டுவிடுவார். "கண்ணு பொய் சொல்லும், எண்ணிக்கை சொல்லாதுய்யா" என்பார். சில சமயம் எண்ணிக்கையும் பொய் சொல்லும் என்பதைப் பின்னால் பார்த்தேன்.

எங்கள் அதிகாரி சபாபதி. தஞ்சாவூர்ப் பக்கம். அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததே இல்லை. வெள்ளை முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டில் போட்டிருப்பார், சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். எந்த உத்தரவையும் எழுதித் தர மாட்டார். "பாத்து செஞ்சிருங்க" என்பார். அது நன்றாக வந்தால் அவர் சொன்னது, கெட்டுப்போனால் நாம் செய்தது. சட்டைப்பையில் ஒரு சின்ன வெள்ளிச் சிமிழ் வைத்திருப்பார். அதில் போடி ஏலக்காய், நல்ல பச்சை நிறத்தில் முதல் ரகம். நமக்குப் பிடிக்காத எதையாவது சொல்லப் போகிறார் என்றால் முதலில் சிமிழைத் திறந்து ஒரு காயை நீட்டுவார். வாங்கி வாயில் போட்டுக்கொண்ட பிறகு எதிர்த்துப் பேச எப்படி வாய் வரும்? இராமநாதபுரத்துக்கு மாற்றலாகிப் போனவர்கள் எல்லோரும் அவர் கையால் ஏலக்காய் தின்றுவிட்டுத்தான் போனார்கள். நானும் தின்றிருக்கிறேன். மணமான காய்தான், இல்லையென்று சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. ஒரு வாரம் விடாத மழை. குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்மேல் சரிவு மொத்தமும் இறங்கிவிட்டது. எல்லாரும் சிலமலைப் பக்கத்துப் பெண்கள். விடியற்காலையில் ஜீப்பில் அடைந்துகொண்டு போய், குரங்கணியில் இறங்கி, மலையேறி, அட்டைக்கடிக்குக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு, செடியின் அடியில் குத்துக்காலிட்டுக் காய் எடுக்கிறவர்கள். அந்த ஜீப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எந்த டிரைவரும் எண்ணியதில்லை. ஏறின வரைக்கும் லோடு.

நிவாரண வேலைகளைப் பற்றி ஒரு ஸ்டால் போட வேண்டும், போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து வா என்று மூன்றாம் நாள் என்னை மேலே அனுப்பினார்கள்.

அந்த இடத்தைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். மலையில் ஒரு பக்கம் தோலுரித்த மாதிரி சிவப்பாக இருந்தது. பத்து உடல்களை எடுத்துவிட்டார்கள். ஓடையில் வெள்ளம் அடங்கவில்லை. என் கண்ணைப் பிடித்து நிறுத்தியது அதுவல்ல. சரிவுக்கு எட்டாத மேட்டில் ஒரு தகரச் செட்டு இருந்தது. உள்ளே குறுக்காக ஒரு மூங்கில், அதில் வரிசையாக ஆணி. காலையில் வருகிற பெண்கள் சாப்பாட்டுத் தூக்குவாளியை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். கீழே வைத்தால் எலியும் குரங்கும் விட்டு வைக்காது. ஒவ்வொருத்திக்கும் ஒரு ஆணி. மத்தியானம் வந்து அவரவர் வாளியை எடுத்துக்கொள்வார்கள்.

வாளிகள் மூன்று நாளாக அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் மூடியும் திறக்கவில்லை. சோறு புளித்து ஊசிய வாடை செட்டு முழுக்க இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, பழக்கதோஷத்தில், எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்று. நோட்டில் வரிசைப்படி வரைந்து, மூடியில் பேர் வெட்டியிருந்தால் அதையும் எழுதினேன். சிலதில் பேர், சிலதில் ஆணியால் குத்திய புள்ளிகள். கடைசி வாளியில் முத்து முத்தான எழுத்தில் 'பஞ்சவர்ணம்' என்று வெட்டியிருந்தது. தாய்வீட்டுச் சீராக வந்ததாக இருக்கும்.

பஞ்சவர்ணம் யார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் முருகேசனின் மனைவி. இரண்டு வயதில் ஒரு பெண்குழந்தை. முருகேசனின் தங்கை காமாட்சி புருஷனை இழந்து அந்த வீட்டோடுதான் இருந்தாள். குழந்தையை யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டுமே? அதனால் எஸ்டேட்டில் ஒரு பேரை மட்டும் பதிந்துவிட்டு, நாத்தனாரும் மதினியும் மாற்றி மாற்றிப் போவார்கள். பதிந்த பேர் காமாட்சி. காலையில் கணக்கப்பிள்ளை வரிசையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார். 'காமாட்சி' என்றதும் யார் வந்திருக்கிறாளோ அவள் கையைத் தூக்குவாள். அவர் புள்ளி வைத்துக்கொள்வார். மலையில் பல வீட்டுப் பெண்கள் இப்படித்தான் ஒரு பேரில் இரண்டு பேராக வேலை பார்த்தார்கள். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியக் கூடாது.

அன்றைக்குக் காமாட்சிக்குக் காய்ச்சல். போனது பஞ்சவர்ணம். ஓடை அவள் உடலைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது எஸ்டேட்டுக்காரர்கள் எப்படிக் கணக்குச் சொன்னார்கள் பாருங்கள். பேரேட்டில் பதினோரு பேர். பத்து உடல் கிடைத்துவிட்டது. பதினோராவது பேர் காமாட்சி. அவள்தான் சிலமலையில் உயிரோடு இருக்கிறாளே? ஆக, அன்றைக்கு அவள் வரவில்லை, தவறுதலாகப் புள்ளி விழுந்துவிட்டது, செத்தது பத்து. பஞ்சவர்ணம் என்று எங்களிடம் ஆளே கிடையாது. அந்த வாளி? அது முந்தின நாள் காமாட்சி மறந்து விட்டுவிட்டுப் போனதாக இருக்கும். கணக்கப்பிள்ளை மாயாண்டியும் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு பேரில் இரண்டு ஆள் விட்டதை ஒப்புக்கொண்டால் அவருக்கு வேலை போய்விடும்.

சரி, அவள் சாகவில்லை என்றால் எங்கே போனாள்? அதற்கு ஊர் பதில் வைத்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் முருகேசனுக்கும் அவளுக்கும் சண்டை நடந்ததை நாலு பேர் கேட்டிருந்தார்கள். அது போதாதா? எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்றார்கள். கம்பத்தில் பார்த்தேன் என்று ஒருவன், மூணாறில் பார்த்தேன் என்று இன்னொருவன். முருகேசனே அதை நம்ப ஆரம்பித்தான். வீட்டில் விளக்கு ஏற்றவில்லை, காரியம் செய்யவில்லை. குழந்தையைப் பார்க்கிறவர்கள் எல்லாம் 'ஓடுகாலி மகள்' என்று காதுபடவே சொன்னார்கள். காமாட்சி சொன்னதை யாரும் கேட்கவில்லை. மதினியின் மானத்தை மூடப் பார்க்கிறாள் என்றார்கள்.

பங்குனியில் போடியில் பொருட்காட்சி. எங்கள் ஸ்டாலுக்கு நிவாரண முகாமின் மாதிரி, படங்கள், விவரப் பலகை என்று சபாபதி பட்டியல் சொன்னார். எல்லாம் செய்தேன். நடுவில் கொஞ்சம் இடம் மிச்சம் விட்டேன். எஸ்டேட்டிலிருந்து வாளிகள் அதற்குள் அந்தந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தன. சிலமலைக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "அந்த வாளியைப் பத்து நாளைக்கு இரவல் குடுங்க, பத்திரமாத் திருப்பித் தர்றேன்" என்று கேட்டேன். கொடுத்தார்கள். ஒருத்தி கழுவாமலே வைத்திருந்தாள், அப்படியே கொடுத்தாள்.

காமாட்சி வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டாள்.

"எண்ணே, நான் உசிரோட இருக்கேன்னு சொல்லித்தானே எங்க மதினி செத்ததையே இல்லேங்குறானுக? காய்ச்சலோட காய்ச்சலா நான் போய்ச் செத்திருந்தா அவ பேரு கெட்டிருக்காதுல்ல?"

"அப்படிச் சொல்லாத ஆத்தா."

"வேற எப்படிச் சொல்லச் சொல்றீக? அன்னைக்குக் கம்மஞ்சோறும் கருவாட்டுத் தொவையலும் வச்சு இந்த வாளியக் கட்டிக் குடுத்ததே நான்தேன். யாரு கேக்குறா? கொண்டு போங்க. அவ ஆணியிலயே மாட்டுங்க."

குரங்கணிச் செட்டில் இருந்த அந்த மூங்கிலையே எஸ்டேட்டு ஆட்களிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பார்க்கிறவர்களின் தலைக்கு மேலே வருகிற உயரத்தில் அதைக் கட்டி, நோட்டைப் பார்த்து, அன்றைக்கு இருந்த அதே வரிசையில் பதினோரு வாளிகளையும் மாட்டினேன். எழுத்து ஒன்றும் இல்லை. விளக்கு ஒரே ஒரு நாற்பது வாட் பல்பு. அவ்வளவுதான் நான் செய்த 'இன்ஸ்டலேஷன்'. மலையில் அந்தப் பெண்கள் தினமும் செய்ததைத்தான் நான் செய்தேன்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சுவரில் விவரப் பலகை எழுதியதும் நான்தான். 'உயிரிழந்தோர்: பத்துப் பேர்' என்று ஆபீசில் கொடுத்த தாளில் இருந்ததை, மூன்று அங்குல எழுத்தில், என் அழகான கையெழுத்தில் எழுதினேன். எழுதும்போதே கை கூசியது. உத்தரவு என்று சொல்லிக்கொண்டு எழுதினேன். வாளி பேசட்டும், நான் எதற்குப் பேச வேண்டும் என்று ஒரு கோழைச் சமாதானம் வேறு.

திறப்பு விழா அன்று காலையில் சபாபதி வந்தார். சுற்றிப் பார்த்தார். வாளிகளுக்கு முன்னால் நின்றார். உதடு அசைந்ததிலிருந்து எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு பலகையைப் பார்த்தார். சட்டைப்பையில் கை போனது. சிமிழ் திறந்தது.

"எடுத்துக்குங்க பெருமாள்சாமி. ரொம்ப நல்லா வந்திருக்கு. மனசை என்னமோ பண்ணுது. ஒண்ணே ஒண்ணு. பலகையில பத்து, இங்க பதினொண்ணு. கடைசியில இருக்கறதைக் கழட்டிடுங்க."

நான் ஏலக்காயை வாங்கவில்லை. அவரிடம் அதுவரை யாரும் வாங்காமல் இருந்ததில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

"நான் போய்ப் பார்த்தப்ப பதினொண்ணு இருந்துச்சுங்கய்யா. நோட்டுல தேதி போட்டு வரைஞ்சிருக்கேன்."

"நோட்டு அரசாங்கத்துது. கணக்கும் அரசாங்கத்துது. ரெண்டும் சண்டை போட்டா எது ஜெயிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்க, கழட்டுறேன். ஒண்ணை மட்டும்னா என்னால முடியாதுங்கய்யா."

அவர் கோபப்படவில்லை. ஏலக்காயைத் திரும்பச் சிமிழில் போட்டு மூடினார். தானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பஞ்சவர்ணத்தின் வாளியைக் கழற்றி, என் கையில் கொடுத்தார். "இதை அவங்க வீட்டுல சேர்த்திருங்க" என்றார்.

செய்தேன். உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன். அன்று மத்தியானமே வாளியைக் காமாட்சி கையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நடந்ததையும் சொன்னேன். ஆனால் ஆணியைப் பிடுங்கவில்லை. ஆணியைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு இல்லையே!

மறுநாள் கதவு திறந்ததும் முதல் ஆளாகக் காமாட்சி வந்தாள். தோய்த்துக் கட்டிய சேலை, கையில் வாளி. நேராக வந்து அந்த வெறும் ஆணிக்குக் கீழே நின்றாள். வாளியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் வந்தது. பத்து வாளி தொங்குகிறது, பதினோராவதை ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்டால் முன்னால் ஜனங்கள் பத்து எண்ணும் நேரம்தான் நிற்பார்கள் என்றேனே, அன்றைக்கு நின்றவர்கள் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். "என்னம்மா இது?" என்று யாராவது கேட்டால் மட்டும் சொன்னாள்:

"இது எங்க மதினி வாளி. அவ சோலிக்குப் போயிச் செத்தா. ஓடிப் போகல."

சபாபதி மத்தியானம் வந்து பார்த்தார். "அந்தம்மாவை வெளியே அனுப்புங்க" என்றார் மெதுவாக.

"டிக்கெட்டு எடுத்து வந்திருக்காங்கய்யா. பொருட்காட்சி பார்க்க வந்தவங்களை எந்த விதியில வெளியே அனுப்புறது?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். போய்விட்டார். காமாட்சி தினமும் வந்தாள். சோர்ந்துபோனால் ஸ்டூல் கொடுத்தேன், உட்காரவில்லை. "அவளுக அந்தச் சரிவுல உக்காந்தா காய் எடுத்தாளுக, குத்தவச்சுல்ல எடுத்தாளுக? எனக்கு நிக்கிறதுக்கு என்ன கேடு?" என்றாள்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தோடு கூட்டமாகக் கணக்கப்பிள்ளை மாயாண்டி வந்தார். மனைவி, பிள்ளைகள், பேரன் எல்லோரோடும் ராட்டினம் பார்க்க வந்தவர். எங்கள் ஸ்டாலில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. உள்ளே வந்து வாளிகளைப் பார்த்தவர், திரும்பிப் போகப் பார்த்தார். பின்னால் நெரிசல். காமாட்சி பார்த்துவிட்டாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மாயாண்டியண்ணே, வாங்க. ஒரு வட்டம் பேரு கூப்பிடுங்க."

"என்ன தாயி சொல்ற?"

"அன்னைக்குக் காலையில கூப்பிட்டீகளே, அதே மாதிரிக் கூப்பிடுங்கண்ணே. இந்தா, வாளி எல்லாம் வரிசையா நிக்குது. அவளுக பேரை அவளுகளைப் பெத்தவுகளும் கட்டுனவுகளும் ஒரு தடவை கேட்டுக்கிறட்டும்."

மாயாண்டியின் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகேசனும் அன்றைக்கு வந்திருந்தான், தங்கச்சி தினமும் எங்கே போகிறாள் என்று பார்க்க. தோளில் குழந்தையோடு ஓரமாக நின்றான். பக்கத்து ஸ்டாலில் ஒலிபெருக்கி உர விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது.

இருபது வருடம் தினமும் பேர் கூப்பிட்ட வாய். ஆரம்பித்தார். "ராக்கம்மா." ஒரு கிழவர் கூட்டத்திலிருந்து "ம்" என்றார். "பேச்சியம்மா. ஒச்சம்மா." ஒவ்வொரு பேருக்கும் எங்கிருந்தோ ஒரு அழுகை வந்தது. பத்துப் பேர் முடிந்தது. பதினொன்றாவது பேர் அவர் வாயில் வரவில்லை.

"கூப்பிடுங்கண்ணே" என்றாள்.

"காமாட்சி" என்றார்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, வாளியை மட்டும் தலைக்குமேல் தூக்கி ஆணிக்கு நேராகப் பிடித்தாள்.

"அன்னைக்கு இந்தப் பேருக்குக் கையத் தூக்குனது யாருண்ணே?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பஞ்சவர்ணந்தான் தாயி" என்றார். "பஞ்சவர்ணந்தான் வந்துச்சு. மழைக்குச் சாக்கைப் போட்டுக்கிட்டுக் கடைசியா நின்னுச்சு. நான் சோத்துக்குப் பயந்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

முருகேசன் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனைப் பார்க்க எனக்கு இரக்கம் வரவில்லை. ஐந்து மாதம் அந்தப் பெண்ணை ஓடுகாலி என்று நம்பிய மனிதன் கொஞ்சம் அழட்டும் என்றுதான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரஷ்ஷை எடுத்தேன். வெள்ளைப் பெயிண்டைத் தொட்டுப் பலகையில் 'பத்து' என்று இருந்ததை அழித்தேன். அதன்மேல் கறுப்பில் 'பதினொன்று' என்று எழுதினேன். பட்டப்பகலில், இருநூறு முன்னூறு பேர் பார்க்க எழுதினேன். வாளியைக் காமாட்சி கையிலிருந்து வாங்கி அதன் ஆணியில் மாட்டினேன். கடைசி நாள்வரை அது அங்கேயே இருந்தது.

சபாபதி மறுநாள் வந்தார். பலகையைப் படித்தார். சிமிழை எடுத்தார், திறக்கவில்லை, திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். வாளியைத் தொடவில்லை. அடுத்த வாரம் மெமோ வந்தது. அவர் எழுத்தில் எனக்குத் தந்த முதல் உத்தரவு அதுதான். 'அரசு விவரத்தைத் தன்னிச்சையாகத் திருத்தியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.' ஆபீசில் எல்லோரும் ஆளுக்கொரு விளக்கம் எழுதிக் கொடுத்தார்கள். தவறு நேர்ந்துவிட்டது, பொதுமக்கள் நிர்ப்பந்தம், மன்னிக்கவும் என்றெல்லாம். அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வரி எழுதினேன்: 'எண்ணிப் பார்த்தேன். பதினொன்று இருந்தது.'

இராமநாதபுரத்துக்குப் போட்டார்கள். போனேன். கருவேலங்காட்டுக்கு நடுவிலும் ஸ்டால் போட்டேன். என் பணிப்பதிவேட்டில் அந்த மெமோ கடைசிவரை இருந்தது, ஓய்வு பெறுகிற அன்று பிரித்துக் காட்டினார்கள். அதில் நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முப்பது வருட வேலையில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அந்த இரண்டு வரிதான்.

சிலமலையில் பேச்சு அடங்கியது. முருகேசன் ஓடைக்கரைக்குப் போய்க் காரியம் செய்தான். 'ஓடுகாலி மகள்' என்று சொன்ன வாய்கள் மூடிக்கொண்டன. ஆனால் அரசாங்கக் கணக்கில் இன்றுவரை பத்துதான். மாயாண்டி திருத்தி எழுதிக் கொடுத்த காகிதத்தை எந்த மேசையில் போட்டார்களோ. அவருக்கு வேலை போனது மட்டும் நிஜம்.

சென்னைப் பெண்ணிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அட்டையை வாங்கி 'பத்து' என்பதை நானே பேனாவால் அடித்தேன். திருத்தி அச்சடித்துவிடுவதாகச் சொன்னார். பதினொன்று என்று போட்டால்தான் சம்மதம், இல்லாவிட்டால் என் பெயரையும் போடக்கூடாது, மூங்கிலையும் கட்டக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது என்று எனக்குக் கற்றுத் தந்தவர் சபாபதி.

அடுத்து வாளிகள். புதிதாகக் கடையில் வாங்கிப் பழசு மாதிரிச் செய்துகொள்கிறோம் என்றார். பத்துக்கு வேண்டுமானால் அப்படிச் செய்யுங்கள், அந்த வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்களோ தெரியாது. பதினொன்றாவதற்கு அது நடக்காது என்றேன். அந்த வாளி இருக்கிறது.

அவரைக் கூட்டிக்கொண்டு போடிக்குப் போனேன். பஞ்சவர்ணத்தின் மகள் செல்வி அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காமாட்சி வளர்த்த பிள்ளை. காமாட்சி போன வருடம்தான் காலமானாள். செல்வியின் மேசைக்குப் பக்கத்தில் அந்த வாளி இருந்தது. தினமும் அதில்தான் சாப்பாடு கொண்டுவருகிறாள். மூடியில் எழுத்து தேய்ந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

விஷயத்தைச் சொன்னோம். செல்வி யோசித்தாள்.

"தர்றேன் மாமா. ஆனா நானும் லீவு போட்டுட்டு வருவேன். மத்தியானம் ஒரு மணி ஆனா அதை ஆணியிலருந்து எடுத்துச் சாப்பிட்டுட்டு, கழுவித் திரும்ப மாட்டுவேன். தெனமும்."

சென்னைப் பெண் தயங்கினார். கலைக்கூடத்தில் காட்சிப் பொருள்களை யாரும் தொடக்கூடாது என்று விதி இருக்கிறதாம். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தன் அத்தை காமாட்சி மாதிரியே வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த விதியை மாத்திட்டு வாங்கம்மா" என்றேன். "அவ அம்மா ஆணியில மாட்டுன சோத்தைத் தின்னாமப் போனா. இவ தின்பா."